ஒரு வாரம் என் கட்டைவிரலைத் திட்டித் தீர்த்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தப்பு என் கையில் இல்லை. இதை நானே நம்புவதற்கு ஒரு வாரமும், கைப்பேசியில் எடுத்த ஆறேழு வீடியோக்களும் தேவைப்பட்டன.

90களில் கடைகளில் காசு போட்டு ஆடிய ஆர்கேட் இயந்திரங்களின் சண்டை விளையாட்டுகளை மொத்தமாகக் கட்டி கன்சோலுக்கு விற்கிறார்களே, அப்படியொரு தொகுப்பை வாங்கினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே சரக்கு வேறு அட்டையில் வரும்போது வாங்கிவிடுவீர்கள். விற்பனைப் பக்கத்தில் மூன்று விஷயங்கள் பெரிய எழுத்தில் இருந்தன. பன்னிரண்டு விளையாட்டுகள். ஆர்கேட் அசல். ஆன்லைன் வசதி. டிரெய்லரும் பளபளவென்று இருந்தது. பழைய சண்டை விளையாட்டு என்றால் எனக்குப் புத்தி பின்னால்தான் வரும், விரல் முந்திக்கொண்டது.

அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டேன். சின்ன வயதில் இந்த விளையாட்டுகளில் அவனை நான் ஜெயித்த நாள்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இப்போது இருவருமே தடுமாறினோம். எதிராளி குதித்து வரும்போது கீழிருந்து எகிறிக் குத்த வேண்டும். நான் பட்டனை அழுத்துகிறேன், என் ஆள் அடி வாங்கி விழுந்தபிறகு கையைத் தூக்குகிறான். தூக்கத்தில் கண்ணாமூச்சி ஆடுவதுபோல் இருந்தது. ஒரு மணி நேரத்தில் அண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "வயசாயிடுச்சுடா நமக்கு" என்று எழுந்து போனான். நானும் அதையே நம்பினேன். அடுத்த ஆறு நாள் தனியாக உட்கார்ந்து பயிற்சி வேறு செய்தேன். ஏமாந்ததைவிட எனக்கு வலிப்பது இந்த ஆறு நாள்தான்.

ஏழாம் நாள் எதேச்சையாக வேறொரு பழைய தொகுப்பைப் போட்டேன். அதே டிவி, அதே கன்ட்ரோலர். முதல் குதிப்பிலேயே குத்து சரியாகப் போய் விழுந்தது. அப்போதுதான் சந்தேகம் வந்தது.

கைப்பேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் யார் வேண்டுமானாலும் இதைச் செய்து பார்க்கலாம். விரலும் திரையும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி வைத்து, குத்து பட்டனைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்துங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தி, பட்டன் கீழே போனதற்கும் திரையில் கை அசைந்ததற்கும் நடுவே எத்தனை படம் என்று எண்ணுங்கள். விளையாட்டு திரையில் விநாடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம், அதாவது 60 காட்சி, வரைவதால் கைப்பேசியின் நான்கு படம் சேர்ந்தால் ஒரு ஃபிரேம். பழைய தொகுப்பில் எனக்குச் சராசரியாக 20 படம் வந்தது. அதாவது ஐந்து ஃபிரேம். புதிதாக வாங்கியதில் 38. ஒன்பதரை ஃபிரேம்! டிவியும் கன்ட்ரோலரும் ஒன்றே என்பதால் கூடுதலாக வந்த நாலரை ஃபிரேமும் அந்த மென்பொருளின் சோம்பேறித்தனம்.

நாலரை ஃபிரேம் என்பது விநாடியில் பதிமூன்றில் ஒரு பங்குதான். கதை சொல்லும் விளையாட்டில் இது தெரியவே தெரியாது. சண்டை விளையாட்டின் உயிரே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் காம்போ, அதாவது எதிராளி தடுக்க முடியாதபடி அடுத்தடுத்து விழும் அடிகள், என்பதே திட்டமிட்டு வைத்தது அல்ல. ஓர் அடியின் அசைவை அடுத்த அடி வெட்டிக்கொண்டு போகும் சின்னச் சந்து ஒன்று இருப்பதைச் சோதனையின்போது கவனித்து, அப்படியே விட்டுவைத்தார்கள். 1999இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்டு ஸ்ட்ரைக்கில் பாரி என்கிற தடுப்பு, அடி வந்து படும் கணத்தில் ஸ்டிக்கை முன்னால் தட்டுவது. சண்டை விளையாட்டுகளுக்கான 2004 ஈவோ போட்டியில் ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமேஹாரா, எதிரே ஆடிய ஜஸ்டின் வாங்கின் சுன்-லி பாத்திரம் கொடுத்த சூப்பர் அடியை ஒவ்வொரு உதையாகத் தட்டித் தடுத்தாரே, அதை இந்தத் தொகுப்பின் தாமதத்தில் ஆடியிருந்தால் அவரும் முதல் உதையிலேயே படுத்திருப்பார்.

தாமதம் பிடிபட்டதும் மற்றவையும் வரிசையாகக் கண்ணில் படத் தொடங்கின. ஒரு விளையாட்டில் ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் 'லோடிங்' என்று வந்தது. முதல் நாளே பார்த்திருக்கிறேன், உறைக்கவில்லை. சிப்பிலிருந்து நேரே ஓடிய அந்தக் கால ஆர்கேட் பலகைக்கு (இயந்திரத்துக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு) லோடிங் எங்கிருந்து வரும்? அது டிஸ்க்கிலிருந்து படித்த வீட்டுக் கன்சோல் பதிப்பு. அதைத்தான் பழைய இயந்திரம்போல் நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் ஓட்டி 'ஆர்கேட் அசல்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம்: எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆர்கேடில் இருவர் அணி, சண்டை நடுவே ஆளை மாற்றலாம். முதல் பிளேஸ்டேஷனின் நினைவகம் போதாமல் அந்த ஆள் மாற்றத்தையே கழற்றிவிட்டார்கள். கூடுதல் 4 எம்பி ராம் கார்ட்ரிட்ஜோடு வந்த சேகா சாட்டர்ன் கன்சோல் பதிப்பில் அது இருந்தது. பெயர் ஒன்றுதான், ஆடுகிற ஆட்டம் வேறு.

இன்னொன்றில் இசை இழுத்துக்கொண்டு ஓடியது. ஆர்கேட் பலகையில் பதிவான வீடியோ ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டு, சண்டைக் கடிகாரத்தின் எண்களை ஒப்பிட்டேன். அங்கே 60 விநாடியில் இறங்கும் எண்கள் இங்கே 72 விநாடியில் இறங்கின. கணக்கு துல்லியமாகப் பொருந்துகிறது: ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) பதிப்பு; விநாடிக்கு 60க்குப் பதில் 50 முறை (50 ஹெர்ட்ஸ்) திரையைப் புதுப்பிப்பது. பெரிய நிறுவனங்களும் இதைச் செய்ததுண்டு. 2018இல் பழைய விளையாட்டுகளோடு வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற குட்டிக் கன்சோலில் டெக்கன் 3 இந்த 50 ஹெர்ட்ஸ் பதிப்பாகத்தான் இருந்தது. எதிர்த் திசையிலும் தப்பு நடக்கலாம். 1992இன் மோர்ட்டல் காம்பாட் ஆர்கேட் பலகை விநாடிக்கு 54.7 முறைதான் திரையைப் புதுப்பிக்கும். கவனிக்காமல் 60இல் ஓட்டினால் ஏறக்குறைய பத்து சதவீதம் வேகம் கூடிவிடும்.

படத்தின் அகலமும் கோணலாகத்தான் இருந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடிய சிபிஎஸ்-1 பலகை 384க்கு 224 புள்ளிகள் வரைந்து, அதை 4:3 திரையில் நெருக்கிக் காட்டும். புள்ளியைச் சதுரமாகவே காட்டினால் எல்லோரும் சற்றுக் குண்டாகிவிடுவார்கள். இங்கே ஒரு படி மேலே போய் 16:9 வரை இழுத்திருந்தார்கள், மாற்ற வழியும் கிடையாது. பழைய டிவியின் கிடைக்கோடுகளைப் போலக் காட்டும் ஸ்கேன்லைன் ஃபில்டர் மட்டும் நாலு வகை. சுவர் விரிசலுக்கு நாலு நிறத்தில் வால்பேப்பர்.

பன்னிரண்டு என்ற எண்ணிக்கைக்கு வருகிறேன். 2018இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் பன்னிரண்டுதான். அதில் ஐந்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் வடிவங்கள். அதில் எனக்குக் குறையில்லை. சாம்பியன் எடிஷனில் வில்லன்கள் நால்வரையும் நாமே ஆடலாம், சூப்பர் டர்போவில் சூப்பர் அடி வந்தது; ஒவ்வொன்றும் தனி ஆட்டம். நான் வாங்கியதில் ஜப்பானிய எழுத்து ஒன்று, ஆங்கில எழுத்து ஒன்று என ஐந்து விளையாட்டுகளை இரண்டிரண்டாக எண்ணியிருந்தார்கள். கழித்துப் பார்த்தால் ஏழு.

ஆன்லைனும் அப்படியே. அந்த 30ஆம் ஆண்டுத் தொகுப்பில் நான்குக்கு மட்டுமே ஆன்லைன், அதை அவர்கள் மறைக்கவில்லை. இங்கே உள்ளே போன பிறகுதான் இரண்டுக்கு மட்டும் என்று தெரிந்தது. அந்த இரண்டும் எதிராளியின் பட்டன் வந்து சேரும்வரை ஆட்டத்தையே நிறுத்திவைக்கும் பழைய முறை. 2006இலேயே டோனி கேனன் ஜிஜிபிஓ என்ற ஆன்லைன் ஆட்ட மென்பொருளை எழுதிவிட்டார்: எதிராளி என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓடவிட்டு, ஊகம் தப்பானால் பின்னோக்கிப் போய்த் திருத்திக்கொள்ளும் ரோல்பேக். 2022இன் கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷனில் பத்து விளையாட்டுக்கும் ரோல்பேக் இருக்கிறது. 'ஆன்லைன் வசதி' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்கியது என் அசட்டுத்தனம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பதிவிறக்கம் செய்து ஆடிவிட்டதால் முடியாது என்று கடையிலிருந்து பதில். தயாரிப்பாளர்களுக்கு வீடியோக்களோடு எழுதினேன். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை ஆன் செய்து பார்க்கச் சொன்னார்கள். வீடியோவின் மூலையிலேயே கேம் மோட் ஆனில் இருப்பது தெரிகிறது, பார்த்திருந்தால்தானே. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது. பிழை திருத்தும் பேட்ச் ஒன்று வந்தது. மறுபடி அளந்தேன். 38.

இப்போதெல்லாம் வெளியீட்டு நாளில் வரும் விமர்சனங்களைப் பார்ப்பதில்லை. ஓவியக் காட்சியகம், பின்னணி இசை, மெனு அழகு என்று எழுதுகிறார்கள். தாமதம் ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாது. இரண்டு வாரம் பொறுத்தால் போட்டியில் ஆடுபவர்கள் ஃபிரேம் கணக்கோடு வந்துவிடுவார்கள். எந்தப் பதிப்பை ஓட்டுகிறார்கள் என்பதை விற்பனைப் பக்கத்தில் சொல்லாவிட்டால், அதற்குக் காரணம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன். பயிற்சி முறை உண்டா, பட்டன்களை மாற்றலாமா என்பவை அதற்கு அடுத்தபடிதான்.

போன ஞாயிறு அண்ணனை மறுபடி கூப்பிட்டு அந்த இரண்டு வீடியோக்களையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக் காட்டினேன். இருபதையும் முப்பத்தெட்டையும் அவனே விரல்விட்டு எண்ணினான். பிறகு பழைய தொகுப்பைப் போட்டோம். ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றேன். "வயசானது உனக்கு மட்டும்தான்டா" என்றான்.