நினைவைக் கேட்பதா, இன்றைய நிலையைக் கேட்பதா?

தாய்ப்பால் கொடுத்தால் பிரசவத்துக்குப் பிறகு மாதவிடாய் திரும்புவது தள்ளிப்போகும். எவ்வளவு என்று அளக்க இரண்டு வழி: தாயின் நினைவைக் கேட்பது, இன்றைய நிலையைக் கேட்பது. முதல் வழியில், எப்போது திரும்பியது என்று சென்னை காசிமேட்டில் ஒரு தாயிடம் கேட்டால், "ஆறு மாசம் இருக்கும்மா" என்பார். பக்கத்து வீட்டில் "ஒரு வருஷம்". இப்படி எல்லோரும் தோராயமாக முழு எண்ணைச் சொல்வதால்தான் வரைபடத்தில் 6, 12, 18 மாதங்களில் செயற்கை மேடுகள் எழுகின்றன. இன்னும் வராதவர்களைத் தள்ளிவிட்டால் சராசரியும் குறைந்துவிடும். 1958-இல் வந்த கப்லான்-மேயர் என்ற புள்ளியியல் முறை, 'இதுவரை வரவில்லை' என்ற அளவில் அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். மேடுகளை அதுவும் கரைக்காது.

இரண்டாவது வழியில், "இப்ப வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டால் ஆம், இல்லை, அவ்வளவுதான். குழந்தையின் வயதுவாரியாக ஆம் சொன்னவர்களின் விகிதம் போட்டு வளைகோடு வரையலாம். நிறையப் பேரைக் கேட்க வேண்டும், சரி. ஆனால் நேற்று குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர தண்ணீரோ பவுடர் பாலோ கொடுத்தார்களா என்பதையும் கையோடு கேட்டுவிடலாம். தாய்ப்பாலின் விளைவை அளக்க என் ஓட்டு இதற்கே. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிப்படலாம்; அதனால் கருத்தரிக்கும் திறன் எப்போது திரும்பியது என்பதை இரண்டுமே சரியாகச் சொல்லாது.