பாயின்டரின் கடைசி மூன்று பிட்டில் டேக்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

சி மொழியில் ஒரு சின்ன இன்டர்பிரெட்டர் (இன்னொரு மொழி நிரலைப் படித்து இயக்கும் நிரல்) எழுத உட்கார்ந்தால், மதிப்புகளை வைக்க முதலில் கைக்கு வருவது ஒரு ஸ்ட்ரக்ட்தான்: வகையைச் சொல்ல ஒரு ஈனம் (enum, பெயரிட்ட எண்), பக்கத்தில் ஒரு யூனியன் (பல வகை மதிப்பும் மாறி மாறி உட்காரும் ஒரே இடம்). ஈனம் 4 பைட், யூனியன் 8 பைட், நடுவில் அலைன்மென்ட்டுக்காக (முகவரி 8 போன்ற ஓர் எண்ணால் வகுபட வேண்டும் என்பதற்காக) 4 பைட் வீண். ஆக 16 பைட். ஒரு கோடி மதிப்புள்ள அர்ரே 16 கோடி பைட் பிடிக்கும். வகையைச் சொல்லும் சில பிட்டை, அதாவது டேக்கை, பாயின்டருக்குள்ளேயே (நினைவக முகவரிக்குள்ளேயே) ஒளித்துவிட்டால் அது 8 கோடி. முழு எண்ணையும் தனியாக மாலாக் (நினைவகம் கேட்டு வாங்கும் சி ஃபங்ஷன்) செய்து பாயின்டர் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 64 பிட் ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி நூலகத்தில்) மாலாக் தரும் மிகச் சிறிய துண்டே 32 பைட். அதைக் காட்டும் 8 பைட்டையும் சேர்த்தால் ஓர் எண்ணுக்கு 40 பைட்.

எக்ஸ்86-64 லினக்ஸில் மாலாக் தரும் முகவரி 16-ஆல் வகுபடும். கடைசி 4 பிட் எப்போதும் 0, அதனால் அங்கே டேக்கை வைக்கலாம். ஆனால் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது. பின்னாளில் சொந்த அலொகேட்டர் (நினைவகத்தைப் பங்கிடும் நிரல்) எழுதும்போது 8 பைட் அலைன்மென்ட் போதும், நினைவகம் இன்னும் மிச்சம். லினக்ஸ் கெர்னல் இதைவிடச் சிக்கனம்: சிவப்பு-கருப்பு மரம் என்ற தரவு அமைப்பில் ஒவ்வொரு நோடுக்கும் ஒரு நிறம் உண்டு, ஆனால் நோடில் நிறத்துக்கென்று தனி ஃபீல்டே கிடையாது. பெற்றோர் பாயின்டரின் கடைசி பிட்டில் நிறம் இருக்கிறது, நோடு 24 பைட்டோடு நிற்கிறது.

மூன்று பிட் என்றால் எட்டு டேக். அவற்றைப் பங்கிடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முழு எண்ணுக்கு 000 மட்டும் கொடுத்தால் மிஞ்சுவது 61 பிட். அதில் அடங்கும் பெரிய எண் 1152921504606846975. தாராளமாகத் தெரியும். ஆனால் யூனிக்ஸ் நேரத்தை நானோ விநாடியில் வைத்தால், அந்த எல்லை 2006 ஜூலை 14 அன்றே தாண்டிவிட்டது! இன்றைய எந்த நேர முத்திரையும் உள்ளே அடங்காது. ஒவ்வொன்றும் ஹீப்புக்கு (மாலாக் இடம் தரும் நினைவகப் பகுதிக்கு) போகும், மிச்சம் பிடித்த இடமெல்லாம் அங்கே கரையும். அதனால் முழு எண்ணுக்கு 000, 100 இரண்டையும் கொடுங்கள். சோதிக்க வேண்டியது கடைசி இரண்டு பிட் மட்டும். எண்ணுக்கு 62 பிட் கிடைக்கும், நானோ விநாடிக் கணக்கு 2043 ஜனவரி வரை தாங்கும். மீதி ஆறு டேக்கில் ஜோடி, சரம், ஃபங்ஷன், ஃப்ளோட் ஆகியவற்றுக்குத் தலா ஒன்று. நில் (nil, வெற்று மதிப்பு), ட்ரூ, ஃபால்ஸ், எழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. கடைசி ஒன்றை 'மற்றவை' என்று ஒதுக்கி, உண்மையான வகையைப் பொருளின் ஹெடரில் (தொடக்கப் பகுதியில்) வையுங்கள். இந்தக் கடைசி டேக்கை ஆரம்பத்திலேயே ஒதுக்காமல் விட்டால், ஒன்பதாவது வகை வரும் நாளில் எல்லாவற்றையும் பிரித்து மேய வேண்டிவரும்.

எண்ணின் கடைசி இரண்டு பிட்டும் 0 என்பதால் கூட்டலுக்கு டேக்கைக் கழற்றவே வேண்டாம். இரண்டையும் பிட் பிட்டாக ஆர் (OR) செய்து கடைசி இரண்டு பிட் 0-தானா என்று ஒரே சோதனை, பிறகு ஓவர்ஃப்ளோ (விடை இடத்துக்குள் அடங்காமல் போவது) பார்க்கும் கூட்டல், அவ்வளவுதான். பெருக்கலுக்கு மட்டும் ஒரு பக்கத்தை இரண்டு பிட் வலப்பக்கம் தள்ள வேண்டும்.

பாயின்டரிலிருந்து டேக்கை எடுக்க மாஸ்க் போடாதீர்கள் (கடைசி பிட்டுகளை 0 ஆக்காதீர்கள்), டேக்கின் எண்ணைக் கழியுங்கள். சரத்தின் டேக் 2, நீளம் பொருளின் 8-ஆவது பைட்டில் என்று வைத்துக்கொள்வோம். 2-ஐக் கழித்துவிட்டு அந்த ஃபீல்டைப் படித்தால், கம்பைலர் இரண்டையும் சேர்த்து '+6' என்று ஒரே லோடாக மாற்றிவிடும். டேக்கைக் கழற்றும் செலவு பூஜ்யம். இன்னொரு லாபமும் உண்டு: தவறான வகையின் டேக்கைக் கழித்தால் முகவரி அலைன் ஆகாமல் நிற்கும். எக்ஸ்86 அதைக் கண்டுகொள்ளாது, குப்பையைப் படித்துக்கொண்டு ஓடும். ஆனால் டெஸ்ட் பில்டில் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரின் (ஓடும்போதே சி பிழைகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதியின்) அலைன்மென்ட் சோதனையைப் போட்டிருந்தால் அந்த வரியிலேயே பிடித்துக் கொடுக்கும். மாஸ்க் போட்டால் இந்தத் தடயம் அழிந்துவிடும்.

வேகம் குறைந்ததாகப் புகார் வந்தால் முதலில் ஹாஷ் டேபிளை (கீயிலிருந்து பக்கெட் எண்ணைக் கணக்கிட்டு மதிப்பைத் தேடும் அட்டவணையை) பாருங்கள். டேக் உள்ள மதிப்பை அப்படியே கீயாக எடுத்து 1024 பக்கெட்டில் போட்டால், சரங்கள் எல்லாவற்றுக்கும் கடைசி 4 பிட் ஒரே மாதிரி இருக்கும்; 64 பக்கெட்டில் மட்டும் கூட்டம், மற்றவை காலி. நான்கு பிட் தள்ளிவிட்டு, மேல் பிட்டுகளையும் கலக்கிய பிறகே பக்கெட் எண்ணை எடுக்க வேண்டும்.

ஸ்ட்ரிங் லிட்டரலுக்கும் ஃபங்ஷன் முகவரிக்கும் அலைன்மென்ட் உறுதி இல்லை. ஏஆர்எம் தம்ப் பயன்முறையில் ஃபங்ஷன் முகவரியின் கடைசி பிட்டுக்கு வேறு அர்த்தமே உண்டு. இவற்றை நேரடியாக டேக் செய்யாமல் ஒரு பொருளுக்குள் வைத்து, அந்தப் பொருளை டேக் செய்யுங்கள். ஸ்டாடிக் பொருள்களுக்கு அலைன்மென்ட்டை வெளிப்படையாக எழுதுங்கள். நினைவகக் கசிவைத் தேடும் வால்கிரைண்ட் கருவி 'ஒருவேளை கசிவு' என்று நீண்ட பட்டியல் தரும். பாயின்டர் பொருளின் தொடக்கத்தைக் காட்டாமல் உள்ளே எங்கோ காட்டுவதாக அது நினைப்பதே காரணம். கால்லாக் (0 நிரப்பித் தரும் மாலாக்) தந்த நினைவகத்தில் எல்லா ஸ்லாட்டும் எண் 0 போலத் தெரியும், நில் அல்ல. நிரப்ப மறந்த இடம் அமைதியாகத் தவறான கணக்கைத் தரும்.

மேல் பிட்டுகளைத் தொடவே வேண்டாம். 68000 சிப்பில் முகவரிக்கு 24 பிட்தான் என்று நம்பி, ஆரம்பகால மேகின்டாஷ் மேல் 8 பிட்டில் கொடிகளை வைத்தது. 32 பிட் முகவரி வந்தபோது பல நிரல்கள் உடைந்தன. அதே கதை ஆண்ட்ராய்டு 11-இல் திரும்பியது: 64 பிட் ஹீப் பாயின்டரின் மேல் பைட்டில் சிஸ்டமே டேக் போடத் தொடங்கியது, அந்த பைட்டைத் தன்னுடையது என்று நினைத்த நிரல்கள் விழுந்தன. கடைசி மூன்று பிட் அப்படியல்ல. அலைன்மென்ட் உங்கள் அலொகேட்டரின் கையில் இருக்கும்வரை அவை உங்களுடையவை.

ஃப்ளோட் நிறைந்த வேலைக்கு இந்த முறை பொருந்தாது. ஒவ்வொரு கணக்கின் விடைக்கும் ஹீப்பில் 32 பைட் போகும். அங்கே நான்-பாக்ஸிங் (NaN boxing: ஃப்ளோட்டின் 'எண் அல்ல' என்ற பிட் வடிவங்களுக்குள் மற்ற வகைகளை ஒளிப்பது) நல்லது. இல்லையென்றால் ரூபி 2.0 செய்ததுபோல, அடிக்கடி வரும் அளவுள்ள ஃப்ளோட்டுகளை மட்டும் பிட்டைச் சுழற்றி உள்ளேயே அடக்கலாம்.