ஹால் சென்சார் இல்லாமல் ஹப் மோட்டார்: நீண்ட நாள் ஓட்டியதில் தெரிந்தது

மின்சார சைக்கிளின் சக்கரத்துக்குள்ளேயே இருப்பது ஹப் மோட்டார், அதில் காந்தம் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது ஹால் சென்சார். மழைத் தண்ணீர் புகுந்து ஹால் சென்சார் போன ஹப் மோட்டாரைப் பிரித்து சரி பண்ணுவதா, அப்படியே சென்சார் இல்லாமல் ஓட்டுவதா என்று யோசிப்பவர்களுக்காக இது. என் சைக்கிளில் இருப்பது கியர் இல்லாத டைரக்ட் டிரைவ் மோட்டார், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் ஸ்வீடன்காரர் பெஞ்சமின் வெட்டர் உருவாக்கிய வெஸ்க் (VESC).

ஓடத் தொடங்கிவிட்டால் வித்தியாசமே தெரியாது. சக்கரம் சுற்றும்போது சுருளில் எதிர் மின்னழுத்தம் வருகிறது, காந்தம் எங்கே இருக்கிறது என்பதை அதிலிருந்தே கன்ட்ரோலர் கணக்குப் போட்டுவிடும். ஆனால் அது வேகத்தைப் பொறுத்தது, நின்றுகொண்டிருந்தால் பூஜ்யம். நடை வேகத்தில் அந்தச் சின்ன மின்னழுத்தத்தை விட சுருளின் தடையால் வரும் இழப்பே பெரிதாக இருக்கும், அதனால் கன்ட்ரோலரில் போட்ட தடையின் அளவு கொஞ்சம் தப்பினாலும் காந்தத்தின் கோணக் கணக்கு தப்பிவிடும். செம்பு 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் தடை 20 சதவீதத்துக்கு மேல் கூடும். காலையில் அழகாகக் கிளம்பிய வண்டி மேடு ஏறி முடித்து சிக்னலில் நின்று எடுக்கும்போது உதறுவது இதனால்தான். மோட்டாருக்குள் வெப்ப சென்சார் இருந்தால் வெஸ்கில் வெப்பத் திருத்தத்தைக் கட்டாயம் போட்டுவிடுங்கள், எனக்கு அதில் நல்ல மாற்றம் தெரிந்தது.

அப்புறம் வெஸ்கில் இருக்கும் எச்எஃப்ஐ (HFI, அதாவது ஹை ஃப்ரீக்வென்சி இன்ஜெக்‌ஷன்). நிற்கும்போதே அதிக அதிர்வெண் மின்னழுத்தத்தைச் செலுத்தி, எந்தத் திசையில் மின்னோட்டம் எளிதாக ஏறுகிறது என்று பார்த்து காந்தத்தைக் கண்டுபிடிக்கும் வழி. காந்தம் இரும்புக்குள் புதைந்திருக்கும் மோட்டாரில் இந்த வித்தியாசம் பெரிது. ஹப் மோட்டாரில் காந்தத்தை மேலேயே ஒட்டியிருப்பார்கள், வித்தியாசம் ரொம்பக் கம்மி. என் வண்டியில் த்ராட்டிலை மெதுவாகத் திருகினால் மெல்லிய கீச்சொலியோடு வழுக்கிக்கொண்டு கிளம்புகிறது, ஆனால் முழுசாகத் திருகினால் இரும்பு செறிவடைந்து (அதற்கு மேல் காந்தம் ஏறாத நிலை) அந்தக் கொஞ்ச வித்தியாசமும் மறைந்து கோணம் தொலைந்துபோகிறது.

பெடல் உள்ள சைக்கிளுக்கு சென்சார் இல்லாமலே போதும் என்பேன், கால் மிதி ஒன்று கொடுத்துவிட்டு த்ராட்டில் திருகுங்கள். சரக்கு வண்டிக்கு வேண்டாம், மூன்று ஹால் சென்சார்களையும் மாற்றிவிடுங்கள். கிளம்புவதற்கு ஹால், வேகம் வந்ததும் சென்சார் இல்லாத முறை என்று வெஸ்க் தானே மாறிக்கொள்ளும். பாரத்தோடு மேட்டில் உதறிக்கொண்டு நின்றால் மின்னோட்டம் முழுக்க மோட்டாரின் மூன்று பேஸ்களில் (சுருள் தொகுதிகளில்) ஓரிரண்டு வழியாகவே பாயும், கன்ட்ரோலரில் அந்தப் பக்கம் ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் சில நொடியில் கொதித்துவிடும்.