ஆறு குவார்ட் ஸ்லோ குக்கரும் விருந்துக்கான இறைச்சி உருண்டைகளும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சிகாகோவின் புறநகர் ஒன்றில் வசிக்கும் நான், சென்ற ஆண்டு நவம்பரில், நன்றி நவிலல் நாளை ஒட்டிய தள்ளுபடியில், ஐம்பது டாலருக்குச் சற்றுக் குறைந்த விலைக்கு ஆறு குவார்ட் கொள்ளளவுள்ள ஸ்லோ குக்கர் ஒன்றை, அதாவது பல மணி நேரம் மிதச்சூட்டில் வேகவிடும் மின்பானை ஒன்றை, வாங்கினேன். நம் கணக்கில் அது ஏறத்தாழ 5.7 லிட்டர். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் டிசம்பர் மாத அலுவலகப் பாட்லக்குகளிலும், பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்னும் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பார்க்க நண்பர்கள் கூடும் வீடுகளிலும், சோபாவுக்கு அருகில் ஒரு பானை மெதுவாகக் கொதித்துக்கொண்டிருக்க, வருவோர் போவோர் எல்லாம் பல்குச்சியால் குத்தி எடுத்துத் தின்னும் மீட்பால் என்னும் அந்த ஒற்றைப் பண்டத்துக்காகவே இதை வாங்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓராண்டில் ஏழு விருந்துகளுக்கு இதில் மீட்பால் செய்திருக்கிறேன். துவரம்பருப்பு இதில் எத்தனை மணி நேரத்தில் குழையும், ஆட்டுக்கால் பாயா எப்படி வரும் என்று அறிய விரும்புவோருக்கு இந்த மதிப்பீட்டில் விடை கிடைக்காது.

முதலில் பண்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை அறியாமல் கருவியை எடைபோட முடியாது. அமெரிக்க வீடுகளில் இதன் செய்முறை மூன்றே பொருள்களில் முடிந்துவிடுகிறது: ஏற்கெனவே வேகவைத்து உறையவைத்த இறைச்சி உருண்டைகள் இரண்டு பவுண்டு, 12 அவுன்ஸ் சில்லி சாஸ் ஒரு புட்டி, அதற்கு ஈடான அளவு கிரேப் ஜெல்லி. முதன்முதலில் ஒரு சக ஊழியர் இதைச் சொன்னபோது, ரொட்டியில் தடவும் திராட்சை ஜெல்லியை இறைச்சியில் கொட்டுவதா என்று நான் உள்ளூர முகம் சுளித்தேன். மிளகாயின் பெயரைத் தாங்கிய அந்த சாஸில் காரம் என்பது ஏறக்குறைய இல்லை என்பதும், அது வினிகரும் வெங்காயமும் சர்க்கரையும் சேர்ந்த தக்காளிக் குழம்பே என்பதும் எனக்கு அடுத்து வந்த ஏமாற்றம். ஆயினும் வத்தக்குழம்பு இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் தர்க்கம் விளங்காமல் போகாது. தக்காளியின் புளிப்பைத் திராட்சையின் இனிப்பு அணைக்கிறது. ஜெல்லியை உறையவைக்கும் பெக்டின் சூட்டில் உருகிச் சாற்றுக்கு ஒரு பளபளப்பையும் உருண்டையின் மேல் ஒட்டிக்கொள்ளும் தன்மையையும் தருகிறது. கடைகளில் கிடைக்கும் கிரேப் ஜெல்லி பெரும்பாலும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்ட் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எஃப்ரைம் புல் என்பவர் உருவாக்கிய, அந்த ஊரின் பெயரையே தாங்கிய கருநீலத் திராட்சையால் ஆனது. அதன் அடர்ந்த மணம் இறைச்சியின் நெடியை நன்றாகவே அடக்குகிறது.

இப்போது கருவிக்கு வருகிறேன். ஓராண்டு பயன்படுத்தியதில் நான் வந்தடைந்த முடிவு, வாங்கும்போது நான் நினைத்ததற்கு நேர் எதிரானது: மீட்பாலைப் பொறுத்தவரை ஸ்லோ குக்கர் சமைக்கும் கருவி அன்று, பரிமாறும் கருவி. மெதுவாகச் சமைப்பதால் பயன்பெறுவது தோள்பட்டை, தொடை போன்ற நார் மிகுந்த இறைச்சித் துண்டுகள்தாம். அவற்றிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப் புரதம் பல மணி நேர மிதச்சூட்டில் கரைந்து இறைச்சி இளகும். மீட்பாலுக்கான இறைச்சியோ முன்பே கொத்தப்பட்டது, அதிலும் கடைப் பொட்டலத்தில் வருவது முன்பே வெந்தது. அதை நான்கு மணி நேரம் பானையில் வைப்பதால் சுவை கூடுவதில்லை. இதே பண்டத்தை அடுப்பில் வாணலி வைத்து இருபது நிமிடத்தில் முடித்து நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சுவைத்த என் கணவரால் இரண்டுக்கும் வேறுபாடு சொல்ல முடியவில்லை. அப்படியானால் ஐம்பது டாலர் எதற்கு என்று கேட்கலாம். விருந்துக்கு ஆறு மணிக்கு வருபவரும் எட்டரைக்கு வருபவரும் ஒரே சூட்டில் ஒரே பண்டத்தை உண்ண வேண்டும் என்பதற்காகத்தான். முன்பெல்லாம் நான் இத்தகைய விருந்துகளுக்குக் கோலா உருண்டை செய்வது வழக்கம். எண்ணெயிலிருந்து எடுத்த முதல் பத்து நிமிடத்தில் அதற்கு இணை எதுவும் இல்லைதான். ஆனால் ஆறிய பின் அதன் மொறுமொறுப்புப் போய்விடும் என்பதால் விருந்தினர் வரவரச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கூடத்தில் சிரிப்பொலி கேட்கும், நான் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பேன். இந்தப் பானை வந்த பிறகு நானும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கருவி பிறந்த கதையும் பானையை அடுப்பில் விட்டுவிட்டுப் போவதைப் பற்றியதுதான். சிகாகோவில் வாழ்ந்த யூதரான இர்விங் நாக்சன் என்னும் கண்டுபிடிப்பாளர், லித்துவேனியாவின் வில்னா நகரைச் சேர்ந்த தம் பாட்டி சோலன்ட் என்னும் பீன்ஸ்–இறைச்சிக் குழம்பைச் சமைத்த விதத்தைத் தாயார் சொல்லக் கேட்டே இதை உருவாக்கினார். ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை மாலையில் பானையை ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் வைத்துவிட்டு, அணையும் தணலின் சூட்டிலேயே இரவெல்லாம் வேகவிட்டு, மறுநாள் எடுத்து உண்பார்கள். நாக்சனின் காப்புரிமை 1940-இல் வழங்கப்பட்டது. அவருடைய நிறுவனத்தை 1970-இல் விலைக்கு வாங்கிய ரைவல் நிறுவனம், மறு ஆண்டே அந்தக் கருவியைக் கிராக்-பாட் என்னும் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குச் செல்லும் பெண்களின் தொகை கூடிக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டில் அது அமெரிக்கச் சமையலறையெங்கும் பரவியதில் வியப்பில்லை. நான் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் பானை. குறைகளையும் சொல்லப்போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பலர் தவறு செய்வது இங்கேதான். கருவியில் ‘லோ’, ‘ஹை’, ‘வார்ம்’ என்று மூன்று நிலைகள் உள்ளன. ‘லோ’வும் ‘ஹை’யும் இறுதியில் கொதிநிலைக்கு அருகிலான ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் எட்டுகின்றன, எவ்வளவு நேரத்தில் எட்டுகின்றன என்பதில்தான் வேறுபாடு. 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான இடைவெளியைக் கிருமிகள் பெருகும் அபாய எல்லையாக அமெரிக்க வேளாண்மைத் துறை வரையறுக்கிறது. ஐஸ் கட்டியாக இருக்கும் உருண்டைகளை அப்படியே கொட்டினால் பானை அந்த எல்லையைக் கடக்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், பொட்டலத்தின் மேல் எப்படி எழுதியிருந்தாலும் நான் முதல் நாள் இரவே அவற்றைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுகிறேன். சாற்றையும் தனியே அடுப்பில் சூடாக்கி ஊற்றுகிறேன். இப்படிச் செய்யும்போது, ‘ஹை’ நிலையில் இரண்டு மணி நேரத்துக்குள் உருண்டையின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தாண்டிவிடுவதைச் சமையல் வெப்பமானியால் ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொண்டிருக்கிறேன். அதன் பிறகு ‘வார்ம்’ நிலைக்கு மாற்றினால், மூடி போட்டிருக்கும் வரை 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இது பாராட்டத்தக்க நிலைத்தன்மை. ஆனால் மூடியைத் திறந்தே வைத்துவிட்டால் மேலடுக்கு அரை மணி நேரத்தில் 60-ஐ நெருங்கிவிடுகிறது. விருந்தினர் யாரும் மூடியைத் திருப்பி வைப்பதில்லை என்பது நான் கண்ட அனுபவம். நான்கு மணி நேரம் வரை உருண்டைகள் நன்றாக இருக்கின்றன. ஆறாவது மணி நேரத்தில் அவற்றிலுள்ள ரொட்டித் தூள் சாற்றைக் குடித்து ஊதி, கடித்தால் பஞ்சு போல ஆகிவிடுகிறது. எட்டு மணி நேரம் வைக்கலாம் என்ற கையேட்டின் வாக்குறுதியை மீட்பால் விஷயத்தில் நம்ப வேண்டாம்.

சாற்றைப் பொறுத்தவரை, ஒன்றுக்கு ஒன்று என்னும் மரபான அளவு நம் நாக்குக்கு மிட்டாய்க் கடையாகத்தான் இருக்கிறது. மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தபின் நான் நிலைத்து நின்ற அளவு இது: ஒரு புட்டி சில்லி சாஸுக்கு முக்கால் கோப்பை ஜெல்லி மட்டும், இரண்டு மேசைக்கரண்டி வினிகர், ஊறவைத்து அரைத்த ஆறு வற்றல் மிளகாய், நசுக்கிய பூண்டு எட்டுப் பல், ஒரு தேக்கரண்டி கரகரப்பான மிளகுத்தூள். ஸ்லோ குக்கரில் நீராவி மூடியில் படிந்து மீண்டும் உள்ளேயே சொட்டுவதால் சாறு வற்றுவதே இல்லை. எனவே தண்ணீர் ஒரு துளியும் சேர்க்கக் கூடாது. அப்படியும் நீர்த்துப் போனால், விருந்துக்கு முன் கடைசி இருபது நிமிடம் ‘ஹை’யில் மூடியைச் சற்றுச் சாய்த்து வைத்தால் திரண்டு வரும். கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிய பரிசோதனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

உறையவைத்த உருண்டைகளை வாங்குவோர் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தே ஆக வேண்டும். இங்கே சாதாரணமாகக் கிடைப்பவற்றில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கலந்தே இருக்கும். நம்மவர் கூடும் விருந்தில் ஒன்றைத் தவிர்ப்பவரும் மற்றொன்றைத் தவிர்ப்பவரும் ஒரே மேசையில் இருப்பார்கள். கோழி அல்லது வான்கோழி உருண்டைகள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கின்றன, ஆயினும் ஹலால் வேண்டுவோருக்கு அதற்கெனத் தனிக் கடைக்குத்தான் செல்ல வேண்டும். வீட்டிலேயே கோழிக் கொத்துக்கறியில் உருட்டியவற்றைப் பச்சையாக நேரே பானையில் இட்டபோது பாதி உடைந்து, சாற்றின் மேல் கொழுப்பு மிதந்து, பார்க்கவே சகிக்கவில்லை. அவற்றை முதலில் 200 டிகிரி செல்சியஸில் ஓவன் அடுப்பில் பதினைந்து நிமிடம் சுட்டு, மேற்புறம் பொன்னிறமான பின் இட்டால் கடைச் சரக்கைவிடச் சுவையாக வருகின்றன. ஆசைக்காகக் கோலா உருண்டையையும் ஒருமுறை இதில் இட்டேன். பொட்டுக்கடலை மாவு சாற்றில் ஊறிக் கரைந்து, இரண்டு மணி நேரத்தில் பானையில் இருந்தது உருண்டை அன்று, ஒருவகைக் குருமா. சுவைக்குக் குறைவில்லை, ஆனால் பல்குச்சியில் நிற்கவில்லை.

இனிக் குறைகள். சூடேற்றும் கம்பி பானையின் பக்கவாட்டில் ஓடுவதால், பொத்தான்கள் இருக்கும் முன்பக்கத்தைவிட அதற்கு எதிரான பின்பக்கம் கூடுதலாகச் சுடுகிறது. ஜெல்லியில் சர்க்கரை மிகுதி என்பதால் அந்தப் பின்விளிம்பில் சாறு கருகிக் கரிய வளையமாக ஒட்டிக்கொள்கிறது. மணிக்கு ஒருமுறை கிளறிவிட்டால் இது குறைகிறது, ஆனால் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் சூடு இறங்குகிறது. மின்கம்பி ஒரு கை நீளம்கூட இல்லை. யாரும் தடுக்கிப் பானையைக் கவிழ்த்துவிடக் கூடாது என்ற காரணத்தால் இத்தகைய கருவிகளுக்குக் குட்டையான கம்பியே கொடுக்கப்படுகிறது என்பது நியாயம்தான். ஆனாலும் உணவு மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் இதைப் பயன்படுத்த வழியில்லை. எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டியது எண்ணியல் கடிகாரம். ஜூலை மாத இடிமழையில் ஒருநாள் மின்சாரம் இரண்டே நிமிடம் போய்த் திரும்பியது. கருவி தானாக மீண்டும் இயங்காமல் அணைந்தே கிடந்தது. நான் கவனிக்காமல் கடைக்குப் போயிருந்ததால், திரும்பி வந்தபோது எவ்வளவு நேரம் ஆறிக் கிடந்தது என்று தெரியாத மூன்று பவுண்டு இறைச்சியைக் குப்பையில் கொட்ட நேர்ந்தது. குமிழைத் திருப்பும் பழைய வகைக் கருவியில் இந்தத் தொல்லை இல்லை, விலையும் பாதி. மூடியை இறுக்கும் கொக்கிகளும் ‘வார்ம்’ நிலைக்குத் தானாக மாறும் வசதியும் மட்டுமே என்னை இந்தக் கருவியோடு வைத்திருக்கின்றன.

அந்தக் கொக்கிகள் உண்மையிலேயே உதவுகின்றன. உள்ளே வைக்கும் பீங்கான் வகைக் கல்பானையோடு சேர்த்து வெறுமையாகவே ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள இதைப் பனி உறைந்த டிசம்பர் காலையில் காரின் பின்தரையில் வைத்து நாற்பது நிமிடம் ஓட்டிச் சென்றிருக்கிறேன்; ஒரு சொட்டும் சிந்தவில்லை. வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே எட்டு டிகிரியாக இருந்தபோதும், தடித்த துண்டால் சுற்றியிருந்த பானையில் சாறு ஆவி பறக்கவே அலுவலகம் போய்ச் சேர்ந்தது. கொக்கிகள் பயணத்துக்கு மட்டுமே, சமைக்கும்போது அவற்றை மாட்டக் கூடாது என்று கையேடு எச்சரிப்பதைப் புதிதாக வாங்குவோர் கவனிக்க வேண்டும். சூடான கல்பானையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

கழுவுவது எளிதுதான். இரவு முழுதும் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் கருகிய வளையமும் பெயர்ந்துவிடுகிறது. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை மட்டும் பூண்டையும் வினிகரையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோடா உப்பில் ஊறவைத்தும், வெயிலில் காயவைத்தும் மணம் போகவில்லை. பொங்கலன்று இதே பானையில் பால் பாயசம் வைத்தபோது, ஏலக்காய்க்கு மேலே ஏதோ ஒன்று இருக்கிறது என்று மாமியார் சொன்னார். நான் குங்குமப்பூ என்றேன். அதற்குப் பிறகு பாயசத்துக்குப் பித்தளை உருளியையே எடுக்கிறேன்.