கல்லும் பலகையும் சேரும் இடத்தில் என்னை ஏமாற்றிவிட்டார்கள்

பினாங்கில் வீட்டு முகப்பைப் புதுப்பிக்க நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஜெலுத்தோங்கில் எங்களுடையது பழைய இரட்டை மாடி வீடு. கீழே கருங்கல் பதித்து, மேலே சிமெண்ட் ஃபைபர் பலகை அடிப்பதாக முடிவு செய்தோம். பலகையைவிடக் கல் அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையில் வழியும் மழைநீர் நேராக அந்தக் கல் விளிம்பில்தான் வந்து நிற்கும். அந்த நீரை வெளியே தள்ளிவிடும் மடித்த தகட்டுக்காக, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளாஷிங் என்று கோட்டேஷனில் எழுதி, 1,800 ரிங்கிட் தனியாகப் போட்டிருந்தார் குத்தகையாளர். கடல் பக்கம் என்பதால் சாதாரணத் தகடு துருப்பிடிக்கும் என்று அவரே சொன்னார். நம்பினேன்.

ஜூன் மாதம் வேலை முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்லும் பலகையும் சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சிலிக்கான் பசைக் கோடு. "தகடு உள்ளே இருக்கிறது அக்கா, வெளியே தெரியாது" என்றார். மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் மழையில் அம்மாவின் அறைச் சுவர் ஊறத் தொடங்கியது. தீபாவளிக்கு அடித்த பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழுந்தது. அவரை அழைத்தால், "இந்த வருஷம் மழை ஜாஸ்தி" என்றார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

வேறொரு தச்சரை வரவழைத்து இரண்டு பலகைகளைக் கழற்றினோம். உள்ளே தகடே இல்லை. பலகைக்குப் பின்னால் சுவரை மூடும் நீர்த்தடுப்புத் தாளும் கல்லுக்கு மேலேயே அறுத்து விடப்பட்டிருந்தது. சிலிக்கானோ சிமெண்டில் ஒட்டாமல் நாடா மாதிரி உரிந்து வந்தது. பூசிய அன்று வீடு முழுக்க வினிகர் வாசம் அடித்தது நினைவிருக்கிறது. அந்த வகை கண்ணாடிக்குச் சரி, சிமெண்டில் நிற்காது என்று தச்சர் சொன்னார்.

சரியான முறையையும் அவர்தான் காட்டினார். தகட்டை இசட் மாதிரி மடிக்க வேண்டும். அதன் மேல்மடிப்பு பலகைக்கும் நீர்த்தடுப்புத் தாளுக்கும் பின்னால் ஏற வேண்டும். நடுப்பகுதி வெளியே சரிய வேண்டும். முன்மடிப்பு கல்லைத் தாண்டி இறங்க வேண்டும். பலகையின் அடிக்கும் தகட்டுக்கும் நடுவே 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். முக்கியமாக, அந்த இடைவெளியை எதைக் கொண்டும் அடைக்கக் கூடாது. பலகைக்குப் பின்னால் புகுந்த தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி. என் வீட்டில் அந்த வழியையே சிலிக்கானால் மூடியிருக்கிறார்கள்! உள்ளே போன தண்ணீர் எங்கே போகும்? அம்மாவின் சுவருக்குத்தான்.

தயவுசெய்து, பலகை ஏறும் முன் தகட்டை உங்கள் கண்ணால் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். அதன் பிறகு அடுத்த தவணையைக் கொடுங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கோட்டேஷன், ரசீது, பலகையைக் கழற்றியபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். அம்மா இப்போது என் அறையில் படுக்கிறார்.