சரளைக் காடா, களர் நிலமா?

காங்கேயம் பக்கம் கொறங்காடு, அதாவது மாடு மேய்க்க வேலியடைத்த மானாவாரிப் புல்நிலம், அமைக்க இரண்டு நிலம் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, ஓடைக்கல் கலந்த செஞ்சரளை மேடு. மற்றது, விலை மலிவான தாழ்வான களர், அதாவது சோடியம் மிகுந்த நிலம். பார்வைக்கு இரண்டாவதுதான் சமதளம், மண்கண்டமும் ஆழம்.

வாங்கும் முன் இரண்டிலும் காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, மழைநீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் கலக்காமல் போடுங்கள். சரளை மண் உதிரும். தண்ணீர் ஓரளவு தெளிவாகவே நிற்கும். களர்மண்ணைச் சுற்றிப் பால்போல ஒரு கலங்கல் படரும். சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிடுகிறது. அதே வேலை நிலத்தில் நடந்தால் துளைகள் அடைபட்டு மழைநீர் தேங்கும். கொறங்காட்டின் முக்கிய மேய்ச்சல் புல்லான கொழுக்கட்டைப்புல் வறட்சியைத் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது. ஆய்வக அறிக்கையில் கார அமிலத்தன்மை (pH) 8.5-க்கு மேல், மாற்றுச் சோடியம் (களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேல் என்றால் சந்தேகமே வேண்டாம், அது களர்தான்.

ஜிப்சம் போட்டால் சரியாகாதா? ஆகும். ஆனால் வெளியேறும் சோடியத்தை அலசி வடிக்க நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். மானாவாரியில் அதற்கு எங்கே போவது?

சரளைக்கும் குறை உண்டு. சுண்ணாம்பு மிகுந்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) செடிக்குக் கிடைக்காமல் கட்டுண்டுவிடும். புல்லில் அது குறைந்தால் மாடு எலும்பைக் கடிக்கும். அப்புறம் என்ன, தாது உப்புக் கலவை வைத்தால் போதும். நான் சரளையைத்தான் வாங்குவேன்.