மோனார்க் 828இ எர்கோமீட்டர்: முதல் வாங்கல் இதுதானா?

உடற்பயிற்சி உடலியங்கியல் துறையில் புதிதாகச் சேரும் பேராசிரியருக்குத் தொடக்க நிதி கிடைத்ததும், அதில் பெரும்பங்கு மூச்சுவாயு அளக்கும் கருவிக்குப் போய்விடும். மிதிக்கும் வேலையை அளக்கும் சைக்கிளுக்கு, அதாவது எர்கோமீட்டருக்கு, மிச்சம் மீதி. இந்த வரிசை தலைகீழ். ஆக்சிஜன் பயன்பாட்டை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், கால் செய்த வேலையின் அளவு சந்தேகத்துக்குரியதாக இருந்தால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த வகையில் ஸ்வீடனின் மோனார்க் 828இ இன்னும் முதலில் யோசிக்க வேண்டிய கருவிதான், சில நிபந்தனைகளோடு.

இதன் அடிப்படை, வில்ஹெல்ம் ஃபான் டோபெல்ன் 1954இல் விவரித்த எளிய சைக்கிள் எர்கோமீட்டர். ஆஸ்ட்ராண்டும் ரிமிங்கும் இதயத்துடிப்பிலிருந்து உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டை மதிப்பிடும் வரைபடத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். கனமான ஃப்ளைவீல் (சுழல் சக்கரம்), அதைச் சுற்றி ஒரு பெல்ட், பெல்ட்டின் இழுவைக்கு ஏற்ப உயரும் ஓர் ஊசல், பக்கத்தில் கிலோபாண்ட் (ஒரு கிலோ எடையின் விசை) அளவுகோல். திருகைத் திருப்பினால் பெல்ட் இறுகும், ஊசல் ஏறும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஃப்ளைவீலின் விளிம்பு 6 மீட்டர் ஓடும். ஆகவே 2 கிலோபாண்ட் சுமையில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் 2 × 6 × 50 = நிமிடத்துக்கு 600 கிலோபாண்ட்-மீட்டர், அதாவது 98 வாட். மாணவர் இதைக் கையாலேயே கணக்கிடலாம். பாடம் நடத்துபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? திரையில் வாட் எண்ணை மட்டும் காட்டும் கருவியில் வேலை, திறன், விசை மூன்றும் மாணவர் மனதில் ஒன்றாகக் குழம்பிவிடும்.

குறை எங்கே வரும் என்றால், முதலில் பூஜ்ஜியத்தில். பெல்ட்டைத் தளர்த்தி ஊசலைச் சும்மா தொங்கவிட்டு, கண்ணை அளவுகோலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் குறி நகர்ந்த மாதிரி தெரியும். கருவி சாய்ந்த தரையில் இருந்தாலும் பூஜ்ஜியம் தவறும், அதனால் இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தாக வேண்டும். அடுத்து, அளவு தெரிந்த 4 கிலோ எடையை பெல்ட் பிடிக்கும் இடத்தில் தொங்கவிட்டால் ஊசல் சரியாக 4இல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஊசல் குண்டுக்குள் இருக்கும் சரிசெய் திருகை நகர்த்திப் பூட்ட வேண்டும். பல ஆய்வகங்களில் பூஜ்ஜியத்தை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

0.25 கிலோபாண்ட் பிழை அற்பமாகத் தெரியலாம். ஆனால் பூஜ்ஜியப் பிழை எல்லாச் சுமையிலும் அதே அளவு நிற்கும். 2 கிலோபாண்டில் அது எட்டில் ஒரு பங்கு. சுமையைப் படிப்படியாக ஏற்றி இதயத்துடிப்பைப் பார்க்கும் ஒய்எம்சிஏ சோதனையின் முதல் கட்டமான அரை கிலோபாண்டில் பாதி! முதியவர்களையும் நோயிலிருந்து தேறுபவர்களையும் சோதிப்பது அந்தக் கீழ்ச்சுமைகளில்தான். உண்மைச் சுமை கூடுதலாக இருந்தால் இதயத்துடிப்பு ஏறும், சோதிக்கப்படுபவரின் உடல்திறனை நாம் குறைத்து மதிப்பிடுவோம்.

இரண்டாவது குறை, வேகம். திறன் சுற்று வேகத்தோடு நேரடியாக மாறுவதால், 50க்குப் பதில் 54 சுற்று மிதித்தால் திறன் 8 சதவீதம் கூடும். காட்சித்திரையைப் பார்த்துக்கொண்டு மிதிக்கச் சொல்வதைவிட மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 100 தட்டில் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால் கீழே வரச் சொன்னால் வேகம் நிலையாக நிற்கும்.

மூன்றாவது, சூடு. மிதிக்க மிதிக்க பெல்ட் சூடாகி உராய்வு மாறும். ஊசல் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். சுமையை ஒரு முறை வைத்துவிட்டு இதயத்துடிப்பைக் குறிப்பதிலேயே மூழ்கிவிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துத் திருத்த வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் ஊசல் கொஞ்சம் ஆடும். ஆட்டத்தின் நடுப்புள்ளிதான் அளவு. விளிம்பில் செயின் எண்ணெயோ வியர்வை உப்போ படிந்தால் ஊசல் நடுங்கித் துள்ளும். அப்போது பெல்ட்டைக் கழற்றி, விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பளபளத்துப்போன பெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

இருக்கை உயரம்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 டிகிரி அளவுக்கு மடங்கியிருக்கட்டும். அந்த உயரத்தைக் குறித்துவைத்தால் அடுத்த சோதனையில் அதே நிலை கிடைக்கும்.

இதனால் முடியாதவையும் உண்டு. சுமையைத் தொடர்ச்சியாகச் சீராக ஏற்றிக்கொண்டே போகும் சோதனைக்குக் கையால் திருப்பும் திருகு ஒத்துவராது. அதற்கு லோடே நிறுவனத்தினுடையது போன்ற மின்காந்தத் தடைக் கருவிதான். அதில் வேகம் மாறினாலும் திறன் மாறாது. ஆனால் களைத்துப்போனவர் வேகம் குறையும்போது பெடல் இன்னும் கனத்து, சட்டென்று நின்றுவிடுவார். முழு வேகத்தில் மிதிக்கும் 30 விநாடி விங்கேட் சோதனைக்கும் 828இ வேண்டாம். உடல் எடைக் கிலோவுக்கு 0.075 கிலோ, அதாவது 70 கிலோ ஆளுக்கு 5.25 கிலோ சுமை ஒரே நொடியில் விழ வேண்டும். அதற்கென எடைக்கூடை வைத்த மோனார்க் 894இ இருக்கிறது. இன்னொன்று, நாம் அளப்பது ஃப்ளைவீலில் உள்ள வேலையை. செயினிலும் பேரிங்கிலும் இழக்கும் திறன் கணக்கில் வராது. எனவே இரண்டு வகைக் கருவிகளில் எடுத்த எண்களைத் திருத்தமின்றி ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

பேராசிரியர் பணி நீண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே குழுவைத் திரும்பத் திரும்பச் சோதிக்கும் ஆய்வில், மென்பொருள் பதிப்பு மாறியதால் பழைய கோப்பு திறக்கவில்லை என்பது சாதாரணப் புகார். ஊசலும் 4 கிலோ எடையும் அப்படிப் பழசாவதில்லை. எடையின் மேல் சான்றுத் தேதியை ஒட்டி, அளவுத்திருத்த நோட்டைக் கருவியோடு கட்டித் தொங்கவிட்டால் போதும். மாணவர் தலைமுறை மாறினாலும் எண்கள் ஒப்பிடத் தக்கவையாக இருக்கும்.

பழைய கருவி வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள். ஃப்ளைவீலைக் கையால் சுழற்றிவிட்டால் விளிம்பு பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஊசலை உயர்த்தி விட்டால் தங்குதடையின்றி இறங்கி ஒவ்வொரு தடவையும் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். பெடல் அச்சில் ஆட்டம் இருக்கக் கூடாது. பெல்ட் தேய்ந்திருந்தால் விலையில் குறைத்துக் கேளுங்கள். ஊசல் ஒட்டிக்கொண்டால் விட்டுவிடுங்கள்.